யாருடைய இதயத்தை அளந்தார்கள்?

ரத்த அழுத்தத்தை முதன்முதலாக அளந்து பதிவுசெய்தவராகக் கருதப்படுபவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1733இல் வெளிவந்த அவருடைய நூலின் முதல் சோதனை ஒரு பெண் குதிரையின் மேல் நடந்தது. இனி வேலைக்கு உதவாது என்று கொல்லப்படவிருந்த குதிரை அது. அதை உயிரோடு மல்லாக்கக் கிடத்திக் கட்டி, தொடைத் தமனியைத் திறந்து, அதில் செங்குத்தான கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இதயத்தின் இடது கீழறை மட்டத்திலிருந்து 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ரத்தம் ஏறி நின்றது.

அந்த இடது கீழறைதான் இக்கட்டுரையின் பொருள். நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தை உடல் முழுவதற்கும் தள்ளிவிடுகிற அறை அது. ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடினால் அதற்கு வேலை கூடும். வேலை கூடினால் அதன் தசைச் சுவர் தடிக்கும். மூட்டை சுமப்பவரின் தோள் திரள்வதைப் போன்றதுதானே, இதில் என்ன கெடுதல் என்று தோன்றலாம். தோளுக்கு ஓய்வு உண்டு, இதயத்துக்கு இல்லை. தடித்த சுவர் விறைத்துப்போகிறது. ரத்தத்தை வாங்கிக்கொள்ளத் தளர்ந்துகொடுக்க மறுக்கிறது. தசை பெருத்த அளவுக்கு அதற்கு உணவூட்டும் நுண்குழாய்கள் பெருகுவதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, துடிப்புக் கோளாறு, திடீர் மரணம் எல்லாவற்றுக்கும் இந்தத் தடிப்பு முன்னறிவிப்பு.

இது மருத்துவப் பாடநூலில் கிடைக்கும் செய்தி. பாடநூலில் எளிதில் கிடைக்காதது வேறொன்று: இந்த அறிவு யாருடைய உடல்களிலிருந்து எடுக்கப்பட்டது, யாருக்குப் பயன்பட்டது என்ற கணக்கு. வரலாற்றைப் புரட்டினால் பெண்கள் எல்லாக் கட்டத்திலும் இருக்கிறார்கள். மகப்பேற்று விடுதியில் இருக்கிறார்கள், ஆய்வுக்கு வந்த வரிசையில் பாதிக்கு மேல் இருக்கிறார்கள், நோயுற்ற ஆண்களின் கட்டிலருகே இருக்கிறார்கள். அளவுகோல் செய்யப்பட்ட இடத்தில் மட்டும் அவர்கள் இல்லை.

லண்டனில் ஒரு மருத்துவமனை

இதயச் சுவர் தடிப்பதை நோயோடு சேர்த்து முறையாகக் கணக்கெடுத்தவர் ரிச்சர்டு பிரைட். லண்டனின் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றினார். சிறுநீரில் புரதம் போகிற 100 நோயாளிகளைப் பற்றிய அட்டவணையை 1836இல் வெளியிட்டார். இறந்தவர்களின் உடல்களைத் திறந்து பார்த்தபோது சிறுநீரகம் கெட்டிருந்தவர்களில் பலருக்கு இடது கீழறை தடித்திருந்தது, வால்வில் கோளாறு இல்லாதபோதும். ரத்தத்தின் தன்மை மாறியதால் அது நுண்குழாய்கள் வழியே எளிதாகப் போக முடியவில்லை, அதைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியதாயிற்று என்று அவர் ஊகித்தார். மனிதரின் ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி இல்லாத காலத்தில் இது பெரிய ஊகம்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1843இல், அதே மருத்துவமனையில் மகப்பேறு பார்த்துவந்த ஜான் லீவர் இன்னொன்றைக் கண்டார். பேறுகாலத்தில் வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரிலும் அதே புரதம் இருந்தது. ஆனால் பிள்ளை பிறந்ததும் அது விரைவாக மறைந்துவிட்டது. ஆகவே இது பிரைட் சொன்ன நோய் அல்ல, கர்ப்பத்தோடு வந்து கர்ப்பத்தோடு போகிற ஒன்று என்ற முடிவு மெல்ல உருவானது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான முடிவுதான். ஆனால் மருத்துவத்தில் அதன் நிழல் மிக நீளமாக விழுந்தது. குழந்தை பிறந்துவிட்டால் தாயின் கணக்கு முடிந்தது என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவம் நம்பியது. இதற்குப் பிறகு வருவோம்.

கைஸ் மருத்துவமனையின் மூன்றாவது பெயர் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. பிரடெரிக் அக்பர் மஹமது, பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய சேக் தீன் மஹமதுவின் பேரன். நாடித் துடிப்பை வரைந்து காட்டும் கருவியைச் செம்மைப்படுத்தி 1870களில் நோயாளிகளை ஆராய்ந்தார். சிறுநீரகம் கெடாதவர்களிடமும் உயர் அழுத்தம் இருக்க முடியும், அது பல ஆண்டுகள் ஓசையின்றி இருந்து பிறகு இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று காட்டினார். 1884இல் குடற்காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு 35 வயது. அவர் சொன்னதை மருத்துவ உலகம் சீக்கிரமே மறந்தது.

1896இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் சுற்றும் காற்றுப்பட்டையைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்யாவின் கொரோட்கோவ் ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சத்தத்தைக் கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பிரிக்கக் கற்றுத்தந்தார். கருவியை முதலில் ஆவலோடு எடுத்துக்கொண்டவர்களில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் முக்கியமானவை. யார் சீக்கிரம் சாவார் என்பது அவர்களுக்குப் பணக் கணக்கு. காப்பீடு எடுத்தவர்கள் பெரும்பாலும் சம்பாதிக்கிற ஆண்கள். ‘இயல்பான அழுத்தம்’ எது என்ற தொடக்கக் கணக்குகளில் சமையலறையில் இருந்தவர்களுக்கு இடம் குறைவு.

ஒரு மகள் கேட்ட கேள்வி

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மருத்துவர்கள் பலர் உயர் அழுத்தத்தை நோயாகவே எண்ணவில்லை. வயதாக ஆகக் குழாய்கள் இறுகுகின்றன, அவற்றின் வழியே ரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடித்தான் ஆகவேண்டும் என்று நம்பினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இட்ட பெயரிலேயே ‘இன்றியமையாதது’ என்ற பொருள் ஒட்டியிருந்தது.

அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்களில் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் ஒருவர். அவருடைய மருத்துவர் மெக்கின்டைர் காது-மூக்கு-தொண்டை வல்லுநர். அதிபர் நலமாக இருக்கிறார் என்றே சொல்லிவந்தார். 1944 தொடக்கத்தில் வெள்ளை மாளிகையில் தந்தையோடு இருந்த மகள் அன்னாவுக்கு அது சரியாகப் படவில்லை. தந்தையின் சோர்வையும் இளைப்பையும் தினமும் பார்த்தவர் அவர். முழுப் பரிசோதனை வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால்தான் மார்ச் மாத இறுதியில் ஹாவர்டு புரூயன் என்ற இளம் இதய மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அழுத்தம் 186/108. இதயம் இடப்பக்கமாகப் பெருத்திருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து ரூஸ்வெல்ட் இறந்தபோது அழுத்தம் 300/190ஐத் தொட்டிருந்தது.

இந்த மரணத்தை எழுதுகிறவர்கள் இரண்டு மருத்துவர்களைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். மகள் ஒரு வரியில் வந்துபோவார். வீட்டில் இருப்பவரின் மூச்சு வாங்குவதை முதலில் கவனிப்பது பெரும்பாலும் பெண்தான். அந்தக் கவனிப்புக்கு மருத்துவ வரலாற்றில் தனிப் பெயர் கிடையாது. இன்னொரு கேள்வியும் இங்கே எழுகிறது. அன்னா தந்தையைக் கவனித்தார், சரி. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் கவனிப்பவர் யார்?

பாதிக்கு மேல் பெண்கள்

ரூஸ்வெல்ட்டுக்குப் பின்வந்த ட்ரூமன் 1948இல் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஓர் ஆய்வு தொடங்கியது. நோய் இல்லாதவர்களைச் சேர்த்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து, யாருக்கு இதய நோய் வருகிறது, ஏன் வருகிறது என்று பார்க்கும் திட்டம். சேர்ந்தவர்கள் 5,209 பேர். அவர்களில் 2,873 பேர் பெண்கள். கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையினத்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1961இல் இந்த ஆய்விலிருந்து வந்த கட்டுரைதான் ‘ஆபத்துக் காரணிகள்’ என்ற எண்ணத்தை மருத்துவத்தில் பரப்பியது. உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றோடு இ.சி.ஜி.யில் தெரியும் இடது கீழறைத் தடிப்பும் அதில் இடம்பெற்றது. அழுத்தம் என்பது வயதின் இயல்பு அல்ல, அது கொல்லும் என்பதை இனி யாரும் மறுக்க முடியாது.

பெண்கள் இவ்வளவு பேர் இருந்த ஆய்விலிருந்து பெண்களைப் பற்றி மருத்துவம் எடுத்துக்கொண்ட பாடம் என்ன? பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் பத்து ஆண்டு பிந்தி வருகிறது என்பது. ‘பிந்தி வருகிறது’ என்பது மருத்துவர்களின் பேச்சில் ‘வருவதில்லை’ என்று சுருங்கியது. நெஞ்சுவலியோடு வந்த பெண்களில் பலருக்கு அடுத்த சில ஆண்டுகளில் மாரடைப்பு வரவில்லை என்றதும், பெண்களின் நெஞ்சுவலி அத்தனை ஆபத்தானதல்ல என்ற எண்ணமும் பரவியது.

1964இல் அமெரிக்க இதயச் சங்கம் ஓரிகன் மாநிலத்தில் பெண்களுக்கென்று ஒரு மாநாடு நடத்தியது. அதன் தலைப்பு ‘இதயங்களும் கணவர்களும்’. கணவரின் இதயத்தை எப்படிக் காப்பது, என்ன சமைப்பது என்பது பேசுபொருள். பெண்களுக்கான முதல் இதய மாநாட்டில் பெண்ணின் இதயத்துக்கு இடமில்லை.

ஆண்களை வைத்துச் செய்த சோதனைகள்

மருந்து கொடுத்தால் உயர் அழுத்தத்தின் கேடுகள் குறையுமா என்ற கேள்விக்கு 1967இல் தெளிவான விடை கிடைத்தது. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்டு பிரைஸ் நடத்திய சோதனை அது. கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 பேரில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 பேருக்குக் கடுமையான கேடு வந்தது, 4 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 2 பேருக்கு மட்டுமே கேடு, இறப்பு இல்லை. 1970இல் இன்னும் குறைந்த அழுத்தம் கொண்ட 380 பேரின் முடிவு வந்தது. இரண்டிலும் ஒரு பெண்கூட இல்லை.

1982இல் முடிவு வெளியான இன்னொரு பெரும் ஆய்வில் 12,866 பேர், அத்தனை பேரும் ஆண்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த ஆய்வில் 22,071 மருத்துவர்கள், அத்தனை பேரும் ஆண்கள். இடையில் 1977இல், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வழிகாட்டியது. தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனமுற்றுப் பிறந்த கொடுமை அப்போது எல்லோர் நினைவிலும் இருந்தது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் காப்பாற்றுவதாகச் சொல்லி விலக்கியதன் விளைவு வேறு. சோதிக்கப்படாத மருந்தை, சோதிக்கப்படாத அளவில், பெண்கள் பிறகு வாழ்நாள் முழுக்க விழுங்கவேண்டியதாயிற்று.

பெண்கள் சேர்க்கப்பட்ட சோதனைகளும் இருந்தன. 1979இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 10,940 ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். முறையான சிகிச்சையால் கறுப்பினப் பெண்களின் இறப்பு தெளிவாகக் குறைந்தது. வெள்ளையினப் பெண்களிடம் அப்படிக் குறைந்ததாகத் தெரியவில்லை. உடனே, லேசான அழுத்தம் உள்ள பெண்களுக்கு மருந்து தேவையா என்ற விவாதம் கிளம்பியது. நடுவயதுப் பெண்களிடம் ஐந்தாண்டுக்குள் நடக்கும் மரணங்கள் குறைவு, ஆகவே வித்தியாசம் தெரிய நீண்ட காலமும் நிறையப் பேரும் வேண்டும் என்பது அந்த விவாதத்தில் அமுங்கிப்போனது. பல சோதனைகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 1997இல் வந்தபோதுதான், அழுத்தத்தைக் குறைப்பதால் கிடைக்கும் பயன் விகிதத்தில் இருபாலருக்கும் ஒன்றுதான் என்பது உறுதியானது. படைவீரர் மருத்துவமனை முடிவுக்கும் இதற்கும் நடுவே 30 ஆண்டுகள்.

முப்பத்தைந்து மில்லிமீட்டர்

இப்போது அளவுகோலுக்கு வருவோம். உயிரோடு இருப்பவரின் இதயச் சுவர் தடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நெடுங்காலம் இருந்த வழி இ.சி.ஜி. தசை பெருத்தால் மின்னலைகள் உயரும். மார்பின் இரு பக்கங்களில் பதிவாகும் குறிப்பிட்ட இரண்டு அலைகளின் உயரத்தைக் கூட்டினால் 35 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வந்தால் தடிப்பு என்று சோகோலோவும் லயனும் 1949இல் வகுத்தார்கள். இன்றுவரை மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விதி இது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 35.

சமத்துவம்போலத் தோன்றும். ஆனால் பெண்ணின் இதயம் சராசரியாகச் சிறியது. மின்முனைக்கும் இதயத்துக்கும் நடுவே மார்பகத் திசு இருக்கிறது. இரண்டும் அலையின் உயரத்தைக் குறைக்கும். ஆகவே பெண்ணின் சுவர் தடித்திருந்தாலும் காகிதத்தில் கோடு 35ஐத் தொடாமல் போகலாம். ‘இ.சி.ஜி. நார்மல்’ என்ற வார்த்தையோடு அவள் வீடு திரும்புவாள். 1985இல் வேறு அலைகளைக் கொண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு விதியை உருவாக்கினார்கள். அதில் ஆணுக்கு 28 மில்லிமீட்டர், பெண்ணுக்கு 20. எல்லோருக்கும் ஒரே கோட்டைப் போடுவது நியாயம் ஆகாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஒலியலைகளைக் கொண்டு இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனை வந்தபின், 1970களின் இறுதியிலிருந்து, இடது கீழறையின் எடையையே கணக்கிட முடிந்தது. இ.சி.ஜி. தவறவிட்ட தடிப்புகள் பல அதில் பிடிபட்டன. இன்று பெண்ணின் கீழறைச் சுவருக்கு இயல்பு அளவு 0.9 சென்டிமீட்டர் வரை, ஆணுக்கு 1.0 வரை. உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பெண்ணுக்கு 95 கிராம், ஆணுக்கு 115 கிராம், அதற்கு மேல் போனால் தடிப்பு. சுவர் 1.0 என்று அறிக்கையில் இருந்தால் ஆணுக்கு அது இயல்பு, பெண்ணுக்கு அது எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையின் கனம் 1990இல் தெரிந்தது. பிரேமிங்ஹாமில் 40 வயதைத் தாண்டிய, இதய நோய் வெளிப்படாத 3,220 பேருக்கு எக்கோ எடுத்து நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். உயரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் 50 கிராம் என்ற கணக்கில் கீழறையின் எடை கூடக் கூட, இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து ஆண்களுக்கு 1.73 மடங்கானது. பெண்களுக்கு 2.12 மடங்கு. எந்தக் காரணத்தாலும் இறக்கும் ஆபத்து ஆண்களுக்கு 1.49, பெண்களுக்கு 2.01. ‘பாதுகாப்பாக இருக்கிறாள்’ என்று சொல்லப்பட்டவளின் இதயம் தடித்தபோது அவள் இழந்தது குறைவல்ல.

ஆணாக நிரூபித்தால் சிகிச்சை

அதே 1990இல், பெண்களை ஆய்வுகளில் சேர்க்கவேண்டும் என்ற தன் கொள்கையைத் தேசிய சுகாதார நிறுவனம் நடைமுறைப்படுத்தவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு அறிக்கை தந்தது. கேட்டு வாங்கியவர்கள் பெண் உறுப்பினர்கள். அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தின் தலைமைக்கு முதன்முறையாக ஒரு பெண் வந்தார். பெர்னடீன் ஹீலி, இதய மருத்துவர். அவர் 1991இல் எழுதிய தலையங்கத்துக்கு வைத்த பெயர் ‘யென்டில் நோய்க்குறி’. யென்டில், ஐசக் பஷேவிஸ் சிங்கரின் கதையில் வருகிற யூதப் பெண். மறைநூல் படிப்பதற்காக ஆணாக வேடமிட்டவள். பெண் நோயாளியும் அப்படித்தான், ஆணுக்கு வருவதுபோலவே தனக்கும் மாரடைப்பு வந்தது என்று நிரூபித்த பிறகே ஆணுக்குக் கிடைக்கும் சிகிச்சை அவளுக்குக் கிடைக்கிறது என்றார் ஹீலி. 1993இல் பெண்களையும் சிறுபான்மையினரையும் ஆய்வுகளில் சேர்ப்பது சட்டமானது. 1977இன் விலக்கும் அதே ஆண்டில் நீங்கியது.

மாற்றத்தின் பலன் தெரிகிறது. 2002இல் வெளியான லைஃப் ஆய்வில், உயர் அழுத்தத்தோடு இ.சி.ஜி.யில் தடிப்பும் இருந்த 9,193 பேர் சேர்ந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் தடித்த சுவர் மெலியும், மெலிந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் குறையும் என்று அதிலிருந்து தெளிந்தது. பெண்களிடம் அந்த மெலிவு ஆண்களைவிடக் குறைவாகவே நடக்கிறது என்பதும் அதே தரவிலிருந்து பிறகு வெளிவந்தது. பெண்கள் சேர்க்கப்பட்டிருக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் விரிந்து ரத்தத்தை ஏற்க மறுக்கும் என்ற வகை இதயச் செயலிழப்பு பெண்களிடம் அதிகம். உயர் அழுத்தமும் தடித்து விறைத்த சுவரும் அதற்கு முக்கியமான காரணங்கள். ‘பம்பிங் நன்றாக இருக்கிறது’ என்று அறிக்கை சொல்லும். அவளுக்கோ மாடிப்படி ஏற முடியாது. மனக்கவலை, மாதவிடாய் நிற்கும் வயது, உடல் பருமன் என்று காரணங்கள் அடுக்கப்படும். விறைத்த சுவரைப் பற்றிக் கேட்க ஆளிருக்காது.

பிரசவத்தோடு முடியாத கணக்கு

1843இல் லீவர் கண்டதற்கு இப்போது திரும்புவோம். பேறுகாலத்தில் உயர் அழுத்தமும் சிறுநீரில் புரதமும் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் உயர் அழுத்தம், இதய நோய், பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. 2011இல் அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்கான வழிகாட்டுதலில் இதை ஓர் ஆபத்துக் காரணியாகச் சேர்த்தது. ‘இதயங்களும் கணவர்களும்’ நடத்திய அதே சங்கம்தான்.

இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 21 விழுக்காட்டினர், ஆண்களில் 24 விழுக்காட்டினர் உயர் அழுத்தம் உள்ளவர்கள் அல்லது அதற்கு மருந்து எடுப்பவர்கள். இதில் பெரிய இடைவெளி இல்லை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் பிரஷர் மாத்திரையைக் கொண்டுசேர்ப்பவர்கள் பெண் தன்னார்வலர்கள். கர்ப்பிணிகளின் அழுத்தத்தைச் செவிலியர்கள் ஒவ்வொரு முறையும் பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள். அந்த அட்டை பிரசவத்துக்குப் பின் எங்கே போகிறது? பத்து, இருபது ஆண்டுகள் கழித்து மூச்சு வாங்குகிறது என்று வரும் பெண்ணிடம், “உங்கள் பிரசவத்தில் பிரஷர் இருந்ததா?” என்று எத்தனை மருத்துவர்கள் கேட்கிறார்கள்?

கேட்காவிட்டால் நாமே சொல்லவேண்டும். எந்தப் பிள்ளைக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு இருந்தது என்று எழுதிவைக்கவேண்டும். அம்மாவிடமும் மாமியாரிடமும் கேட்டு எழுதலாம். எக்கோ எடுத்தால் ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்காமல், சுவரின் அளவு என்ன, அது பெண்ணுக்கான எல்லையை வைத்துப் பார்த்ததா என்று கேட்கலாம். கேள்வி கேட்கிற பெண்ணை மருத்துவமனைகள் விரும்புவதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் 1990இல் நாடாளுமன்றத்துப் பெண்கள் கேட்டதும் ஒரு கேள்விதான்: ஆய்வுகளில் பெண்கள் எங்கே? அதைக் கேட்ட பிறகுதான் சட்டம் மாறியது.